ஓட்டு கேட்டு வந்த இங்கிலீஷ்

(சிவில் மூன்றாம் ஆண்டு மாணவன், பாலக்கோடு)

"டெக்னிக்கலா எதாச்சும் எழுதிக் குடுப்பா" என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். சிமெண்ட், செட்டிங் டைம், ஸ்லம்ப் டெஸ்ட் என்று செமஸ்டருக்குச் செமஸ்டர் எழுதி எழுதிக் கை ஓய்ந்து போயிருக்கிறது. அதனால் இந்த முறை மேடையைப் பற்றி எழுதுகிறேன். காங்கிரீட் மேடை இல்லை, அரசியல் மேடை!

முதலில் ஒரு சின்னக் கேள்வி. "ஓட்டு" தமிழா, இங்கிலீஷா?

எங்கள் வகுப்பில் இதைக் கேட்டபோது பாதிப் பேர் "தமிழ்தாம்ப்பா, இதுல என்ன சந்தேகம்?" என்றார்கள். ஒரு நண்பன் "ஓட்டு வீடு இருக்கே!" என்று ஆதாரம் வேறு காட்டினான். அது வேறு ஓடு. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை விரலில் மை வைத்துக்கொண்டு நாம் போடும் ஓட்டு, இங்கிலீஷ் "வோட்" வேட்டி கட்டிக்கொண்டு வந்தது. எப்படி என்றால், தமிழில் ஒரு சொல் 'வோ' என்று தொடங்காது. 'வ' என்ற எழுத்து உ, ஊ, ஒ, ஓ இந்த நான்கோடும் சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியரே விதி சொல்லி வைத்திருக்கிறார். ஆகவே முன்னால் இருந்த 'வ' கழன்று விழுந்தது. சொல்லின் கடைசியில் 'ட்' என்று மொட்டையாக நிற்பதும் நம் வாய்க்குப் பழக்கமில்லை. லைட் 'லைட்டு' ஆனது, நோட் 'நோட்டு' ஆனது, வோட் 'ஓட்டு' ஆனது. தொல்காப்பியம் ஒரு பக்கம்கூடப் படிக்காத ஜனங்கள் அதன் விதியை அப்படியே காப்பாற்றி ஒரு வெளிநாட்டுச் சொல்லைத் தமிழாக்கிவிட்டார்கள். தெலுங்கிலும் ஓட்டு, கன்னடத்துப் பேச்சிலும் ஓட்டுதான். நம்ம பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் மூன்று பாஷையும் ஒரே தெருவில் கேட்கும். ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வருகிறவர் எந்த பாஷையில் ஆரம்பித்தாலும் இந்த ஒரு சொல் எல்லா வீட்டுக்கும் புரிந்துவிடும்.

சரி, அப்படியானால் சுத்தத் தமிழ் "வாக்கு" என்கிறீர்களா? அதுவும் வடமொழி 'வாக்' வழியாக வந்ததுதான்! ஆனால் அழகான சொல். வாக்கு என்றால் நமக்குக் கொடுத்த சொல், உறுதிமொழி. ஆகவே நாம் அவருக்கு வாக்குக் கொடுக்கிறோம், அவர் நமக்கு வாக்குறுதி கொடுக்கிறார். யார் கொடுத்தது நின்றது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்திக்காரர்களும் கன்னட ஏடுகளும் ஓட்டுக்கு 'மத்', 'மத' என்கிறார்கள். நல்லவேளை அதை நாம் வாங்கவில்லை. "உங்கள் பொன்னான மதத்தைப் போடுங்கள்" என்று ஒருவர் மேடையில் கேட்டால் ஊர் என்ன ஆகும்!

நம்ம தருமபுரிப் பக்கத்துக்கு இந்த மாதிரி இரவல் சொல் ஒன்றும் புதிதல்ல. 1792-இல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைக்குப் பிறகு நம்ம பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடு என்ற கேப்டன் தலைமையில் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் தங்கியிருந்தவர், பிற்காலத்தில் மதராஸ் கவர்னர் ஆனார். அந்தக் காலத்து வரிக் கணக்குச் சொற்கள் பலவும் பாரசீகம், உருது வழியாக வந்தவை. தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, ஜில்லா, வசூல், ரயத்வாரி... மேலே இங்கிலீஷில் 'கலெக்டர்' வந்து உட்கார்ந்தார். இன்றைக்குப் போர்டில் வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் என்று அருமையாக எழுதியிருக்கிறது. மனுவோடு போகிறவர் மட்டும் "தாசில்தாரைப் பார்க்கணும்" என்றுதான் சொல்கிறார். யார் ஆண்டார்களோ அவர்கள் சொல் அதிகாரத்தின் மேல் பசை போட்டு ஒட்டிக்கொள்கிறது. ஆட்சி போனாலும் பசை போவதில்லை.

இப்போது 1916-ஆம் வருஷத்துக்கு வாருங்கள். அந்த ஒரே வருஷத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. வேதாசலம் என்ற பெயரை மறைமலை அடிகள் என்று மாற்றிக்கொண்டவர் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். சென்னையில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. ஆனால் அந்தச் சங்கத்தின் பெயர் ஜனங்கள் வாயில் நிற்கவே இல்லை. 1917-இல் அவர்கள் 'ஜஸ்டிஸ்' என்று ஓர் இங்கிலீஷ் பத்திரிகை நடத்தினார்கள். கட்சியே 'ஜஸ்டிஸ் கட்சி' ஆகிவிட்டது! பின்னால் அதைத் தமிழாக்கி நீதிக்கட்சி என்றார்கள். மூன்றாவது காரியம் நமக்கு நெருக்கமானது. சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழில் விஞ்ஞானச் சொற்களை உண்டாக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அப்போது நம்ம பாலக்கோடு சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965-இல். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியோ ஓசூர்ப் பக்கம். ஒரு வக்கீல், அரசியல்வாதி, நூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம ஜில்லாவில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரிக்கும் பிசிக்ஸுக்கும் தமிழ்ச்சொல் தேடியிருக்கிறார். நாம் வைவாவில் "சார், அது வந்து சார், ஸ்ட்ரெஸ்... லோடு... ஏரியா..." என்று திணறும்போது இதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்!

இதற்குப் பிறகு மேடைத் தமிழில் நடந்தது ஒரு பெரிய மாற்றம். அந்தக் காலத்துத் தேர்தல் நோட்டீஸ்களில் வேட்பாளருக்கு 'அபேட்சகர்' என்று பெயர். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் 'அக்கிராசனர்'. செயலாளர் 'காரியதரிசி', உறுப்பினர் 'அங்கத்தினர்', பொருளாளர் 'பொக்கிஷதார்', மாநாடு 'மகாநாடு', பேச்சு 'பிரசங்கம்'. அதையெல்லாம் எடுத்துவிட்டு இன்று நாம் சொல்லும் சொற்களை மேடைக்குக் கொண்டுவந்ததில் திராவிட இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1949-இல் தி.மு.க.வைத் தொடங்கிய அண்ணாவும் அவரோடு இருந்தவர்களும் எதுகை மோனையோடு, அடுக்குமொழியில், புத்தகத் தமிழை மைக்கில் பேசினார்கள். அதுவரைக்கும் புலவர் வீட்டுத் திண்ணையில் இருந்த நடை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. பெர்னார்டு பேட் என்ற அமெரிக்கர் மதுரையில் தங்கி இந்த மேடைப் பேச்சையே ஆராய்ச்சி செய்து 2009-இல் ஒரு புத்தகம் எழுதினார். பாமர ஜனங்களின் வாக்கைக் கேட்கிறவர்கள் பாமரப் பேச்சில் பேசாமல் ஏன் செந்தமிழில் பேசினார்கள் என்பது அவரை யோசிக்க வைத்த விஷயம். எனக்குத் தெரிந்த வரை விடை எளிது. கேட்பவரையும் ஒரு மரியாதையான ஆளாக அந்தத் தமிழ் நிமிர்த்தி உட்கார வைத்தது.

ஆனால் எல்லாரும் அப்படிப் பேசினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியார் பேசியது ஈரோட்டுப் பேச்சுத் தமிழ். அவர் 1925-இல் தொடங்கிய இயக்கத்தின் பெயரே சுயமரியாதை, இரண்டு பாகமும் வடசொல்! 1928-இல் அவர் நடத்திய இங்கிலீஷ் வாரப் பத்திரிகையின் பெயர் 'ரிவோல்ட்'. காமராஜரோ அடுக்குமொழி பக்கமே போகாதவர். கட்சி வேலைக்காகத் தலைவர்கள் பதவியை விட வேண்டும் என்று 1963-இல் அவர் சொன்ன யோசனையைத் தமிழ்நாடே 'கே பிளான்' என்றது. கிங் மேக்கர் என்ற பட்டமும் இங்கிலீஷ்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேடையிலிருந்து துரத்தப்பட்டது பெரும்பாலும் வடமொழி. இங்கிலீஷை யாரும் அவ்வளவு கோபமாகத் துரத்தவில்லை. 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் போட்டபோது தமிழுக்குப் பக்கத்து நாற்காலியை இங்கிலீஷுக்குத்தான் கொடுத்தது. இந்தி வேண்டாம் என்றால் டில்லியோடு பேச ஒரு பாஷை வேண்டுமே! அண்ணாவே இரண்டிலும் வல்லவர். 1962-இல் மாநிலங்களவைக்குப் போய் அவர் பேசிய இங்கிலீஷ் இன்றைக்கும் பேசப்படுகிறது. ஆக, இங்கிலீஷ் விருந்தாளியாக வந்து திண்ணையில் படுத்தது, பிறகு கூடத்துக்கு வந்தது. இப்போது அடுப்படியில் நின்று குழம்புக்கு உப்புப் பார்க்கிறது.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் ஜனாதிபதியைத் தமிழில் குடியரசுத் தலைவர் என்கிறோம். ஆனால் கிராம ஊராட்சித் தலைவர்? அவர் 'பிரசிடெண்ட்'! டில்லியில் இருப்பவருக்குத் தமிழ்ப் பெயர், டீக்கடையில் நம் பக்கத்தில் உட்காருகிறவருக்கு இங்கிலீஷ் பெயர். ஒன்றியத்துக்குச் 'சேர்மன்', வார்டுக்குக் 'கவுன்சிலர்'. பெண்கள் பதவிக்கு வந்ததும் 'கவுன்சிலரம்மா', 'சேர்மனம்மா'. 'சேர்மன்' என்ற சொல்லுக்குள் ஆண் என்று ஓர் அர்த்தம் ஒளிந்திருக்கிறது என்று இங்கிலீஷ்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நாம் அதன் வாலில் ஓர் அம்மாவைக் கட்டிப் பிரச்சினையை முடித்துவிட்டோம்.

ஒன்றியம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2021-இல் வந்த தி.மு.க. அரசு 'மத்திய அரசு' என்பதற்குப் பதில் 'ஒன்றிய அரசு' என்று சொல்லத் தொடங்கியது. அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதானே சொல்கிறது என்பது அவர்கள் வாதம். எதிர்த்தவர்களும் உண்டு, டி.வி.யில் விவாதம் நடந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு வேறு சந்தேகம். "ஒன்றியம் பணம் தரலைன்னு சொல்றாங்களே, நம்ம பி.டி.ஓ. ஆபீஸ்ல பணம் இல்லையா?" என்றார். அவருக்கு ஒன்றியம் என்றால் ஊராட்சி ஒன்றியம். அதையும் அவர் மற்ற நாளில் 'யூனியன் ஆபீஸ்' என்றுதான் சொல்வார்!

ஒலிக்கு ஒலி வைத்த சொல் ஒன்று உண்டு. பார்லிமெண்டுக்கு 'பாராளுமன்றம்' என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். பார், ஆளும், மன்றம் என்று பிரித்தால் உலகத்தையே ஆளும் மன்றம். சத்தமும் கிட்டத்தட்டப் பார்லிமெண்ட் மாதிரியே இருக்கிறது. உலகத்தை ஆள்வது கொஞ்சம் அதிகம் என்று தோன்றியதோ என்னவோ, தமிழ்நாட்டில் 'நாடாளுமன்றம்' நிலைத்தது. இலங்கையில் இன்றும் பாராளுமன்றம்தான்.

இனி சுருக்கெழுத்துகள். இதுதான் உண்மையில் பெரிய கூட்டம். 'மிசா' 1971-இல் வந்த ஒரு சட்டத்தின் இங்கிலீஷ் முதலெழுத்துகள். 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையின்போது அதில் உள்ளே போனவர்கள் வெளியே வந்து பெயருக்கு முன்னால் 'மிசா' என்று போட்டுக்கொண்டார்கள். தண்டிக்க வந்த சட்டம் பட்டம் ஆகிவிட்டது! பிறகு 'தடா' வந்தது. தமிழில் ஏற்கெனவே தடா என்றால் பெரிய பானை. போதாததற்குத் தடை என்ற சொல்லும் பக்கத்தில் இருந்தது. ஆகவே அது எந்தச் சொற்களின் சுருக்கம் என்று யாரும் கேட்கவே இல்லை. 2002-இல் 'பொடா'. அந்த வருஷம் வைகோ அதில் கைதானபோது பட்டிதொட்டியெல்லாம் அந்தச் சொல் பரவியது. அதற்கு அடுத்த வருஷம் சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்டதும் 'டாஸ்மாக்' வந்தது. டாஸ்மாக் என்பது 1983-இல் தொடங்கிய ஓர் அரசு நிறுவனப் பெயரின் சுருக்கம். அந்தப் பெயரில் மது என்றோ சாராயம் என்றோ ஒரு சொல்லும் கிடையாது. விரித்துப் படித்தால் தமிழ்நாட்டு மாநில வாணிபக் கழகம், அவ்வளவுதான். 1937-இல் ராஜாஜி ஆட்சியில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது நம்ம பழைய சேலம் ஜில்லாவில். 'மதுவிலக்கு' என்பது கேட்டவுடனே அர்த்தம் தெரியும் சொல். 'டாஸ்மாக்' கேட்டவுடனே அர்த்தம் தெரியாத சொல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சங்கடமான காரியத்துக்குச் சுருக்கெழுத்து எவ்வளவு சௌகரியம்!

இப்படிச் சொல்வதால் இங்கிலீஷ் கலப்பே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜெர்மனிக்காரர்களைப் பாருங்கள். பென்ஸ், பாஷ், சீமென்ஸ் என்று நம்ம மெக்கானிக்கல் நண்பர்கள் கும்பிடும் நாடு. அங்கேயும் இதே தகராறு நடக்கிறது. 2009 செப்டம்பரில் தேர்தல் முடிந்த மறுநாள், வெளியுறவு அமைச்சர் ஆகப்போகிறார் என்று பேசப்பட்ட கீடோ வெஸ்டர்வெல்லே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். பி.பி.சி. நிருபர் ஒருவர் இங்கிலீஷில் பதில் சொல்லும்படி கேட்க, இது ஜெர்மனி, இங்கே ஜெர்மன்தான் என்கிற அர்த்தத்தில் மறுத்துவிட்டார். சிலர் கை தட்டினார்கள், பலர் கேலி செய்தார்கள். அதே நாட்டில் 2018-இல் சான்சலர் ஏஞ்சலா மெர்கல் ஒரு டிஜிட்டல் மாநாட்டில் பேசும்போது, இன்டர்நெட்டில் தனக்கு விழுந்த திட்டுகளை 'ஷிட்ஸ்டார்ம்' என்றார். இங்கிலீஷ்காரர்கள் சபையில் சொல்லக் கூசும் சொல் அது. ஜெர்மனியில் அது சாதாரணச் சொல்லாகி அகராதிக்கே போய்விட்டது. இரவல் சொல்லில் இதுதான் வேடிக்கை. சொல் வரும், அதன் வெட்கம் கூட வராது.

ஜெர்மானியர் செல்போனை 'ஹேண்டி' என்கிறார்கள். பார்த்தால் இங்கிலீஷ். ஆனால் அந்த அர்த்தத்தில் எந்த இங்கிலீஷ்காரருக்கும் அது தெரியாது! நம்மிடமும் அப்படி உண்டு. 'பிட் நோட்டீஸ்' என்று லண்டனில் போய்ச் சொன்னால் யாருக்குப் புரியும்? தேர்தல் நேரத்தில் வீட்டுக்கு வீடு விழும் அந்தத் துண்டுப் பிரசுரத்துக்கு நாமே இங்கிலீஷ் சொற்களை வைத்துச் செய்துகொண்ட பெயர் அது. (பரீட்சை ஹாலில் 'பிட்' என்றால் வேறு; அதை இந்த மலரில் விளக்கத் தேவையில்லை!) 'ஸ்டெப்னி'யும் அப்படித்தான். வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப் பெயர் சக்கரத்தின் பெயராகிக் கப்பலேறி இங்கே வந்தது. அவர்கள் மறந்துவிட்டார்கள், நாம் இன்னும் லாரிக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறோம்.

ஒரே ஓர் இடத்தில் நாம் ஜெர்மானியரை ஜெயித்தோம். 2020-இல் கொரோனா வந்தபோது அவர்கள் 'லாக்டவுன்' என்ற இங்கிலீஷ் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷத்தின் சிறந்த இரவல் சொல் என்று அதற்குப் பட்டம்கூட அங்கே கிடைத்தது. நமக்கு அந்த அவசியம் வரவில்லை. கலவரம் நடந்தால் போடும் 'ஊரடங்கு' என்ற சொல் கையில் தயாராக இருந்தது. முதலமைச்சர் முதல் தண்டோரா போட்டவர் வரைக்கும் ஊரடங்கு என்றார்கள். ஊர் அடங்கியது! சமூக இடைவெளி, முகக்கவசம் எல்லாம் அதன் பின்னாலேயே வந்தன. (பேச்சில் மட்டும் 'மாஸ்க்'தான், ஒத்துக்கொள்கிறேன்.)

ஜெர்மனி என்றதும் இன்னொன்று. 1914 செப்டம்பர் 22 ராத்திரி 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டுவிட்டு மாயமாக மறைந்தது. அதிலிருந்து பொல்லாத ஆளை 'சரியான எம்டன்' என்கிறோம். 2004-இல் டாக்டர் ராமதாசும் தொல். திருமாவளவனும் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் என்று தொடங்கி, சினிமாவுக்கு இங்கிலீஷ் பெயர் வைப்பதை எதிர்த்தார்கள். 2006-இல் தமிழ்ப் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று அரசு அறிவித்தது. 'எம்டன் மகன்' என்ற படம் உடனே 'எம் மகன்' ஆகிவிட்டது! தொண்ணூறு வருஷமாக நம்மிடம் குடியிருந்த சொல் 'டன்'னை இழந்து வரிவிலக்கு வாங்கியது. அதே 2006-இல் வந்த மக்கள் தொலைக்காட்சியில், பிறமொழி கலக்காமல் பேசினால் தங்கக்காசு என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று. எங்கள் ஹாஸ்டலில் நாங்கள் அதையே பந்தயமாக வைத்துப் பார்த்தோம். காலை எழுந்து "பிரஷ் எங்கடா?" என்ற இடத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது.

மேடையில் ஒரு வழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். பேச்சாளர் தமிழ், மானம், வீரம் என்று பேசும்போது சொற்கள் செந்தமிழாக இருக்கும். எதிர்க்கட்சியைக் கிண்டல் செய்யும்போது கொச்சைத் தமிழுக்கு இறங்குவார். கணக்கு, திட்டம், பணம் என்று வந்ததும் இங்கிலீஷ். "இந்த ஸ்கீமுக்கு ஃபண்ட் சாங்ஷன் ஆகி டெண்டர் ஸ்டேஜ்ல இருக்கு..." இந்த வாக்கியத்தில் தமிழ் என்று பார்த்தால் 'இந்த', 'ஆகி', 'இருக்கு', அப்புறம் வேற்றுமை உருபுகள். எலும்பு தமிழ், சதை இங்கிலீஷ். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியும்தான். உணர்ச்சிக்கு ஒரு பாஷை, கணக்குக்கு ஒரு பாஷை. கை தட்ட வேண்டிய இடம் நன்றாகப் புரிகிறது. கேள்வி கேட்க வேண்டிய இடம் மட்டும் புரியாமல் போகிறது.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சிவில் படிக்கிறவர்களுக்காவது நேரடியாக வேண்டும். நம்மில் சிலர் நாளைக்கு யூனியன் ஆபீசில் ஓவர்சியர் நாற்காலியில் உட்காரப் போகிறோம். டிப்ளமோ சிவிலுக்கு உள்ள வேலை அது.

எங்கள் சொந்தக்காரர் கிராமத்தில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) ஒரு கிராம சபைக் கூட்டத்துக்கு என் பெரியப்பாவோடு போயிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் தக்காளித் தோட்டங்களுக்கும் போகிற ஒரு மண் ரோடு. மழை பெய்தால் தக்காளிக் கிரேடு ஏற்றிய டெம்போ சிக்கிக்கொள்ளும். மார்க்கெட்டுக்கு ரெண்டு மணி நேரம் தாமதமானால் அன்றைய விலை போச்சு. ரோடு எப்போது வரும் என்று நாலைந்து பேர் கேட்டார்கள். வந்திருந்த கட்சிக்காரர் எழுந்து, எஸ்டிமேட் ரிவைஸ் ஆகிப் போயிருக்கு, ஏ.எஸ். கிடைச்சாச்சு, டி.எஸ். மட்டும் பெண்டிங், அது வந்ததும் டெண்டர், ஒர்க் ஆர்டர் என்று மளமளவென்று சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. சொன்ன வரிசை சரியானதுதான். கூட்டம் தலையாட்டியது. கேள்வி கேட்டவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பெரியப்பா கேட்டார். "ஏம்ப்பா, நீ படிக்கறவன். ரோடு வருதா, வரலையா?"

"டி.எஸ்.னா தொழில்நுட்ப ஒப்புதல், பெரியப்பா. அது இன்னும் வரலை" என்றேன். நல்ல தமிழ், அரசாங்கக் கடிதங்களில் உள்ள தமிழ். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டி.எஸ். எவ்வளவு புரிந்ததோ அவ்வளவுதான் தொழில்நுட்ப ஒப்புதலும் புரிந்தது. தனித்தமிழ்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இதுதான் நடந்தது.

பிறகு இப்படிச் சொன்னேன். "ரோடு போடலாம், இவ்வளவு பணம் தர்றோம்னு மேல ஒரு கையெழுத்து ஆயிடுச்சு. எத்தனை லோடு ஜல்லி, எவ்வளவு கனம், எவ்வளவு செலவுன்னு நம்ம ஓவர்சியர் கணக்குப் போட்டிருப்பாரு. அந்தக் கணக்கு சரியான்னு பெரிய இன்ஜினியர் பார்த்து இன்னொரு கையெழுத்துப் போடணும். அது விழல. அது விழுந்தாத்தான் காண்ட்ராக்டருக்கு ஏலம் விடுவாங்க."

இதிலும் இன்ஜினியர், ஓவர்சியர், காண்ட்ராக்டர், லோடு எல்லாம் இருக்கிறது. ஆனால் பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"ஓ, கணக்கு யார் மேசைல இருக்கு?"

"தெரியலை பெரியப்பா. கேட்டாத் தெரியும்."

"எந்தத் தேதியில அனுப்புனாங்க?"

"அதையும் கேக்கணும்."

"அப்ப வா" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பக் கூட்டத்துக்குள் நடந்தார். கட்சிக்காரர் கிளம்பிக் காரில் ஏறிக்கொண்டிருந்தார். பெரியப்பா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்ட இரண்டு கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லை. திங்கட்கிழமை யூனியன் ஆபீசில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை பெரியப்பாவே அவருக்கு முன்னால் போய் அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கணக்கு அனுப்பிய தேதியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் இதை எழுதும் வரைக்கும் அந்த ரோட்டில் ஜல்லி இறங்கவில்லை. தாள் மட்டும் பெரியப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கும் என்னை வரச் சொல்லியிருக்கிறார்.